கள்ளத் திருவுளம்

மதலேனா வாயைத் திறந்தால் அலையும் கொஞ்சம் பின்னுக்குப் போகும் என்று எங்கள் கரையில் பகிடி சொல்வார்கள். பகிடிதான், ஆனாலும் முழுப் பொய்யில்லை. மன்னாரில் அரிப்பு என்ற ஊருக்கு வடக்கே கடலோரமாக ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சின்னக் கத்தோலிக்க ஊரில், கருவாட்டுக்காரப் பெண்களுக்குள் சண்டை வந்தால் தீர்ப்பவள் அவள். சண்டையைத் தொடக்குபவளும் பல வேளைகளில் அவளேதான். புருசன் அம்புறோஸ் கடலுக்குப் போவான், வருவான், சாப்பிடுவான், படுப்பான். பேசவேண்டியதை எல்லாம் பெண்சாதிக்குக் குத்தகைக்குக் கொடுத்துவிட்ட மனிதன்.

அவளுக்கு ஊரில் இருந்த மதிப்பு வாயால் வந்ததல்ல. கையால் வந்தது.

ஒவ்வொரு ஆவணியும் மடுமாதா கோயில் திருவிழாவுக்கு ஊர்ப் பெண்களைக் கூட்டிப்போவது அவள் பொறுப்பு. அபூசாலியின் டிறக்டரைப் பேசுவதும், அரிசி தேங்காய் சேர்ப்பதும், அது இழுத்துப் போகிற பெட்டிக்குள் பாய் விரிப்பதும் அவள்தான். பெட்டியில் முன்பக்கம் இருப்பவர்களுக்குப் புழுதி குறைவு. பின்பக்கம் இருப்பவர்கள் மடுவில் இறங்கும்போது மாவில் புரட்டி எடுத்த மீன்போல இறங்குவார்கள். முன்னுக்கு ஆர் இருப்பது என்று அடிபட்டால் மடுவுக்குப் போய்ச் சேர முடியுமா? ஆகவே திருவுளம் போடுவார்கள். ஆளுக்கொரு பொருளைப் பானைக்குள் போடவேண்டும். கொண்டை ஊசி, காப்பு, கழுத்தில் போடுகிற மாதா சுருபம், எதுவானாலும் சரி. பிறகு மதலேனா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு கையை விடுவாள். முதலில் எது தட்டுப்படுகிறதோ அதைத்தான் எடுக்கவேண்டும், துளாவக்கூடாது. எடுத்த பொருளுக்குரியவளுக்கு முன்னிடம். அவள் ஒருநாளும் துளாவியதில்லை. ஒருமுறை அவளுடைய சொந்தத் தாயே கடைசி வரிசையில் இருந்து இருமிக்கொண்டு போனாள். ஆர் முதலில் வலை போடுவது என்று கரைவலைப் பாட்டில் ஆண்களுக்குள் பிணக்கு வந்தாலும், "மதலேனாவைக் கூப்பிடுங்கோ, அவள் எடுக்கட்டும்" என்பார்கள். மதலேனா எடுத்தால் மாதா எடுத்த மாதிரி. அப்படி ஒரு பேர் சும்மா வருமா? வராது. ஒரு சீவியம் முழுக்கச் சேர்த்த பேர் அது.

அந்தப் பேரைத்தான் அவள் ஒரே நாளில் கடலில் கொட்டினாள். ஏன் கொட்டினாள் என்பதுதான் கதை.

யுத்தம் முடிந்து, முகாமில் இருந்து ஊர் திரும்பி, வீடுகளுக்குக் கூரை ஏறிச் சில வருசங்கள் ஆகியிருந்தன. அந்தப் பகுதிக்குக் குடும்பநல மாதுவாக மாக்கிறட் மிஸி வந்திருந்தாள். ஸ்கூட்டியில் ஒழுங்கை ஒழுங்கையாகத் திரிவாள். பிள்ளைப்பேறு, தடுப்பூசி, குழந்தை நிறுவை என்றால் பெண்கள் ஓடி வருவார்கள். "முப்பத்தைஞ்சு வயசு வந்த ஆக்கள் எல்லாரும் சுகவனிதையர் கிளினிக்குக்கு வாங்கோ, கருப்பைக் கழுத்திலை கான்சர் வாறதுக்கு முதலே பார்த்துப் பிடிக்கலாம்" என்று தொடங்கினால் மட்டும் ஒருத்திக்கு அடுப்பில் கறி அடிப்பிடிக்கும், ஒருத்திக்கு ஆடு அவிழ்ந்துபோகும். மிஸி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து நிற்பாள், பாவம்.

பெண்களையும் குறை சொல்ல முடியாது. கிளினிக் மாதத்தில் ஒரு வியாழக்கிழமைதான், அதுவும் முருங்கன் போகிற றோட்டில், பஸ்ஸில் போகவேண்டிய தூரத்தில். காலைப் பஸ் வருகிற நேரமும் வள்ளங்கள் கரைக்கு வருகிற நேரமும் ஒன்று. மீனை விட்டுவிட்டுப் பஸ்ஸுக்கு நிற்கிறவளை ஊர் முழுக்கப் பார்க்கும். கையில் மீன்கூடையும் இல்லை, இடுப்பில் பிள்ளையும் இல்லை, வியாழக்கிழமை வேறு. உடனே கதை கட்டிவிடும். "அவளுக்கு என்னவோ கூடாத வருத்தமாம்." கீழே பார்க்கிற சோதனை என்றாலே கெட்ட நடத்தையால் வந்த வருத்தம் என்று அந்த ஊர் முடிவு கட்டி வைத்திருந்தது. ஒரு வருத்தமும் இல்லாதவர்களுக்குத்தான் அந்தச் சோதனை என்று மிஸி தொண்டை கிழியச் சொன்னாள். வருத்தம் இல்லாவிட்டால் ஏன் போகவேண்டும் என்று திருப்பிக் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு எந்த மிஸிதான் வேலியில் நின்றபடி பதில் சொல்லி முடிப்பாள்?

மதலேனாவும் ஒளித்தவர்களில் ஒருத்திதான். கோழிக்கூட்டுக்குப் பின்னால் குந்தியிருந்து, ஸ்கூட்டி போன பிறகு எழும்பி வந்தவள்.

அம்புறோஸின் தங்கச்சி பெற்றிசியாவின் வீடு அடுத்த வளவு. கடைசிச் சண்டையில் புருசனைப் பறிகொடுத்துவிட்டு இரண்டு பெண்பிள்ளைகளைக் கருவாடு காயப்போட்டே வளர்த்தவள். அதிர்ந்து பேசமாட்டாள். மூத்த பிள்ளைக்கு அப்போதுதான் ஒரு சம்பந்தம் பொருந்தி வந்திருந்தது. மாப்பிள்ளையின் தாய் றஞ்சிதம். சொந்தமாக வள்ளம் உள்ள குடும்பம். கோயிலில் முதல் வாங்கில் இருக்கிற, சிரிப்பதற்கும் யோசிக்கிற மனுசி. "விதவையின்ரை பிள்ளை எண்டாலும் பேர் கெடாத வீடு" என்று சொல்லித்தான் சம்மதித்திருந்தாள்.

ஒரு மத்தியானம் மதலேனா வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாள். பெற்றிசியா கிணற்றடியில் தோய்த்துக்கொண்டிருந்தாள். முதல்நாளும் தோய்த்தாள், அதற்கு முதல்நாளும் தோய்த்தாள். தோய்த்த துணியைக் கொடியில் போடாமல் குசினிக்குப் பின்னால் மறைவாகக் காயப்போட்டாள். மதலேனா வேலியைப் பிரித்துக்கொண்டு உள்ளே போனாள்.

"என்னடி இது, ஒவ்வொரு நாளும் தோய்ச்சல்?"

"சும்மா, மச்சாள்."

"சும்மாவோ? முகம் வெளிறிப்போய்க் கிடக்கு. என்ரை கண்ணைப் பார்த்துச் சொல்லு."

பெற்றிசியா வாளியைப் பார்த்தாள். பிறகு அழுதாள். "மாசக் கணக்கா நிக்குதில்லை, மச்சாள். நிண்டாலும் ரெண்டு நாளிலை திரும்ப வருது. நாத்தமாவும் கிடக்கு."

"அடி கடவுளே! மிஸியிட்டைச் சொன்னியோ?"

"ஐயோ, சத்தம் போடாதேங்கோ. புருசன் செத்தவளுக்கு அங்கை என்ன வேலையெண்டு ஊர் கேக்கும். றஞ்சிதமக்காவின்ரை காதிலை விழுந்தால் பிள்ளையின்ரை கலியாணம் அதோடை சரி. நான் செத்தாலும் பரவாயில்லை. ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு மடுமாதாவாணை சத்தியம் பண்ணுங்கோ."

"போடி விசரி."

"சத்தியம் பண்ணுங்கோ, மச்சாள். இல்லாட்டி நான் இந்தக் கிணத்துக்கை விழுவன்."

பெற்றிசியா சொன்னால் செய்துவிடுவாள். அமைதியானவர்களின் பிடிவாதம் அப்படித்தான். மதலேனா அவள் தலையில் கையை வைத்துச் சத்தியம் பண்ணினாள். வாய் முந்தியது, புத்தி பிந்தியது. வீட்டுக்கு வந்த பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று விளங்கியது. மிஸியிடம் சொல்ல முடியாது, அம்புறோஸிடமும் சொல்ல முடியாது. மடுமாதா பேரில் பண்ணிய சத்தியத்தை மீறுகிற பெண் எங்கள் மன்னார்க் கரையில் இன்னும் பிறக்கவில்லை. சும்மா இருந்தாலோ மச்சாள் செத்துப்போவாள். மச்சாள் என்று சொன்னாலும், கலியாணம் முடித்து வந்த நாளில் பாவாடை கட்டிக்கொண்டு ஓடித்திரிந்த பிள்ளைக்குத் தலை இழுத்துவிட்டவள் மதலேனாதான்.

மறுநாள் கருவாடு பிரட்டிக்கொண்டிருக்கும்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. வந்ததும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாளாம். ஒருத்தி போனால்தானே கதை? ஊரே போனால் ஆர் ஆரைப் பற்றிக் கதைப்பது? மடுவுக்குப் போகிறவளைப் பார்த்து, உனக்கு என்ன பாவம், என்ன நேர்த்தி என்று ஆராவது கேட்கிறார்களா? டிறக்டர் நிறைய ஏற்றிக்கொண்டு போனால் பெற்றிசியாவும் அதற்குள் ஒருத்தி.

அவள் வேலையைத் தொடங்கினாள். அதை வேலை என்று சொல்வதா, படையெடுப்பு என்று சொல்வதா! வீட்டு வாசல் படலை படலையாக ஏறினாள். ஒருத்தியிடம் கெஞ்சினாள், ஒருத்தியை ஏசினாள், ஒருத்திக்கு அவள் வாங்கிய பழைய கடனுதவியை ஞாபகப்படுத்தினாள். "கான்சர் வந்து கிடந்தால் ஆரடி உன்னைப் பார்க்கிறது, உன்ரை மருமகளோ?" என்று கேட்டபோது இரண்டு மாமிமார் உடனே பேர் கொடுத்தார்கள்.

செலீனாவிடம் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. செலீனாவும் வாய்க்காரி, இருவருக்கும் எப்போதும் ஏட்டிக்குப் போட்டி.

"உனக்கு என்ன திடீரெண்டு டொக்டர் வேலை?" என்றாள் செலீனா.

"உன்ரை அக்கா என்னெண்டு செத்தவ?"

செலீனாவின் முகம் மாறியது. அவளுடைய தமக்கை இடம்பெயர்ந்த காலத்தில், தறப்பாள் கொட்டிலுக்குள், அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு மாதக்கணக்காகக் கத்திச் செத்தவள். என்ன வருத்தம் என்று கடைசிவரை ஒருவருக்கும் தெரியாது. செலீனா படலையைத் திறந்துவிட்டாள். "எனக்கும் அந்தப் பயம் ஒண்டு கிடக்குத்தான். நான் வாறன். ஆனால் எனக்குக் கட்டாயம் பார்க்கவேணும்" என்றாள்.

றஞ்சிதம் மட்டும் படலையடியிலேயே நிறுத்திவிட்டாள். "எங்கடை வீட்டுப் பொம்பிளையளுக்கு அப்பிடியான வருத்தங்கள் வாறேல்லை" என்றாள். மதலேனாவின் நாக்கு நுனியில் நல்ல பதில் ஒன்று நின்றது. மச்சாளின் பிள்ளையை நினைத்து அதை விழுங்கிக்கொண்டு திரும்பினாள்.

கச்சான் காற்று கடுமையாக வீசிய வாரம் அது. வள்ளங்கள் கரையில் கிடந்ததால் மீன் வேலை இல்லை. அந்த வியாழனைத்தான் அவள் பார்த்துப் பிடித்தாள். விடிய டிறக்டரோடு வந்த அபூசாலி, பாயும் பானையுமாக நின்ற பெண்களைப் பார்த்து விழித்தார். முசலிப் பக்கத்து முஸ்லிம் வயல்காரர், யுத்தத்தில் இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்து ஊர் திரும்பியவர்.

"என்ன தங்கச்சி, மடுவுக்கு இன்னும் நாள் கிடக்கே?"

"முருங்கன் றோட்டுக்கு விடுங்கோ நானா. கேள்வி கேக்காதேங்கோ."

டிறக்டர் புறப்பட்டதும் ஆரோ மாதா பாட்டைத் தொடங்கினார்கள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மூலையில் பெற்றிசியாவும் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்துக்கொண்டு மெல்லப் பாடினாள். கிளினிக் வாசலில் போய் இறங்கியபோது மாக்கிறட் மிஸி வெளியே ஓடிவந்து பார்த்து, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை.

ஆனால் பாருங்கள், அங்கேதான் வில்லங்கம் வந்தது. மாதாமாதம் நாலைந்து பேர் வருகிற இடம். அந்த அளவுக்கும் இன்னும் கொஞ்சத்துக்கும்தான் கருவிகளைச் சுத்தம் பண்ணி அவித்து வைத்திருந்தார்கள். வந்து நின்றவர்களில் பாதிப் பேருக்கும் காணாது.

"கோவியாதேங்கோ அக்காமார். இவ்வளவு பேர் வருவியள் எண்டு நான் கனவிலையும் நினைக்கேல்லை" என்றாள் மிஸி. "மிச்ச ஆக்களுக்கு அடுத்த முறை கட்டாயம் ஆயத்தமா வைச்சிருப்பன். இப்ப ஆர் முதல் வாறது எண்டு நீங்களே பேசி முடிவெடுங்கோ."

சொல்லி வாய் மூடவில்லை, பெற்றிசியா முன்னுக்கு வந்தாள். "மற்ற ஆக்கள் பார்க்கட்டும். எனக்கு அவசரமில்லை, நான் அடுத்தமுறை வாறன்." எல்லாரும் அவளை நல்ல மனசுக்காரி என்று மெச்சினார்கள். மதலேனாவுக்கு மட்டும் தெரியும், அது நல்ல மனசு இல்லை, தப்பி ஓடுகிற வழி. இன்றைக்குத் தப்பினால் பிறகு எந்த டிறக்டரிலும் ஏறமாட்டாள். இன்னொரு மாதம் அவள் தாங்குவாளோ என்பதும் தெரியாது.

"ஒருத்தரும் விட்டுக்கொடுக்கவும் வேண்டாம், ஒருத்தரும் முந்தவும் வேண்டாம். திருவுளம் போடுவம்" என்றாள் மதலேனா.

சோற்றுப் பானை வந்தது. ஆளுக்கொன்றாகப் போட்டார்கள். செலீனா கழுத்துச் சுருபத்தைக் கழற்றி முத்தி செய்துவிட்டுப் போட்டாள். பெற்றிசியா வேறு வழியில்லாமல் மடியில் இருந்த வீட்டுப் பூட்டுத் திறப்பைப் போட்டாள். திறப்பு என்று பானைக்குள் விழுந்தது அது ஒன்றுதான். மதலேனா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு கையை விட்டாள். முதலில் தட்டுப்பட்டது ஒரு சங்கிலி. மெல்லிய சங்கிலியில் கோத்த சுருபம். விரலுக்குத் தெரிந்தது, அது செலீனாவுடையது என்று. வழக்கப்படி அதைத்தான் எடுக்கவேண்டும்.

அவள் எடுக்கவில்லை. கையை ஆழமாக விட்டாள். ஊசிகளுக்கும் காப்புகளுக்கும் நடுவில் தடவித் தடவி, இரும்புத் திறப்பைப் பிடித்து வெளியே எடுத்தாள். தாயைப் பின்வரிசையில் இருத்திய கை அது. தன் சீவியத்தில் முதல்முறையாகத் துளாவியது.

"பெற்றிசியா," என்றாள். திறப்பை உயர்த்திக் காட்டினாள்.

"இல்லை மச்சாள், நான் பிறகு..."

"திருவுளத்தை மாத்தக்கூடாது. போ உள்ளுக்கு!"

அந்த அதட்டலில் பெற்றிசியா போய்விட்டாள். மற்றவற்றை மதலேனா நேர்மையாகவே எடுத்தாள். செலீனாவின் சுருபம் பிறகு தட்டுப்படவேயில்லை. கடைசிவரை பானைக்குள் கிடந்தது.

உள்ளே போன பெற்றிசியா வெளியே வர நேரமெடுத்தது. டொக்டர் அம்மா அவளுக்குச் சோதனையோடு நிறுத்தவில்லை. மிஸி மட்டும் வந்து மதலேனாவை ஓரமாகக் கூப்பிட்டு, "நல்ல நேரத்திலை கூட்டியந்தியள் அக்கா. நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேணும்" என்று காதுக்குள் சொன்னாள். மதலேனா மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

திரும்பி வரும்போது பெட்டிக்குள் பாட்டு இல்லை. பாதி வழியில் செலீனா வெடித்தாள்.

"மதலேனா, உன்ரை கை பானைக்குள்ளை துளாவினதை நான் கண்டனான். என்ரை சங்கிலி உன்ரை விரலிலை தொங்கினது. உதறிப்போட்டு உள்ளுக்கை விட்டனி. இல்லையெண்டு சொல்லு, பார்ப்பம்!"

எல்லாரும் மதலேனாவைப் பார்த்தார்கள். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும், ஊர் அவளைத்தான் நம்பும். பெற்றிசியா தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஓம்," என்றாள் மதலேனா. "துளாவினனான்."

"ஏன்? உன்ரை மச்சாள் எண்டபடியாலோ? என்ரை அக்கா செத்த கதையைக் கிண்டியெடுத்து என்னைக் கூட்டியந்திட்டு, என்னை வெளியிலை விட்டிட்டு, சொந்தத்துக்குக் கள்ளத் திருவுளம் போட்டனியோ?"

மாதாவாணை பண்ணிய சத்தியம் மதலேனாவின் வாயைக் கட்டிப்போட்டிருந்தது. அவளுக்குப் பதில் இல்லாமல் போனதை ஊர் அன்றைக்குத்தான் கண்டது. செலீனா கேட்டதும் நியாயம்தானே! அதுதான் அவளை இன்னும் சுட்டது.

அதன் பிறகு நடந்ததைச் சொல்லவே எனக்குக் கோபம் வருகிறது. கரைவலைப் பாட்டுக்கு வேறு ஆளைக் கூப்பிட்டார்கள். ஆவணியில் செலீனா வேறு டிறக்டர் பேசினாள், பெண்கள் எல்லாரும் அதில் மடுவுக்குப் போனார்கள். "கள்ளி" என்ற பேர் ஒழுங்கைப் பிள்ளைகளின் வாயில்கூட வந்தது. எல்லாவற்றையும் விடக் கெட்டது, விடுபட்ட பெண்களில் ஒருத்தியும் அடுத்த வியாழன்களில் கிளினிக்குக்குப் போகவில்லை. தனியாகப் பஸ்ஸில் போக வெட்கம், மதலேனாவின் டிறக்டரில் போக ரோசம்.

அவள் கோயில் சுவாமியிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். ஆருக்காக என்று சொல்லாமல், கள்ளத் திருவுளம் போட்டதைச் சொன்னாள். "மனஸ்தாபப்படுறீங்களோ?" என்று கேட்டார் சுவாமி.

"இல்லைச் சுவாமி. திரும்பவும் அப்பிடி ஒரு நிலைமை வந்தால் திரும்பவும் துளாவுவன்."

மனஸ்தாபம் இல்லாதவளுக்குப் பாவப்பொறுத்தல் எப்படிக் கொடுப்பது? சுவாமி பெருமூச்சு விட்டார். அவள் எழும்பி வந்தாள். பாவப்பொறுத்தல் இல்லாமல் நற்கருணை நன்மை வாங்கக்கூடாது. அன்றிலிருந்து ஞாயிறு பூசையில் ஊர் முழுக்க நன்மை வாங்க எழும்பும்போது மதலேனா மட்டும் வாங்கை விட்டு எழும்பமாட்டாள். பொய் மனஸ்தாபம் சொல்லி நன்மை வாங்கியிருக்கலாம், ஆருக்குத் தெரியும்? ஆனால் ஒரு கள்ளத்துக்குமேல் இன்னொரு கள்ளம் போட அவளுக்கு மனம் வரவில்லை. இதை அவளே பிறகொரு காலம் சொல்லிச் சிரித்தாள். அந்த நாட்களில் அவள் சிரிக்கவில்லை.

அந்த மாதங்களில் அவளுக்கு வேறு வேலை இருந்தது. மன்னாருக்கும் பிறகு யாழ்ப்பாணத்துக்கும் பெற்றிசியாவைக் கொண்டுபோனவள் அவள்தான். யாழ்ப்பாணத்தில் ஒரு சித்திக்குக் கண் ஒப்பறேசன், துணைக்குப் போகிறோம் என்று ஊருக்குப் பொய் சொன்னாள். கருப்பையை எடுத்தார்கள். ஆஸ்பத்திரி விறாந்தையில் பாய் போட்டுக் கிடந்து, கஞ்சி காய்ச்சிப் பருக்கி, முதுகு தடவிவிட்டாள். கான்சர்தான், ஆனால் பரவத் தொடங்கமுன் பிடித்துவிட்டோம், அரை வருசம் பிந்தியிருந்தால் நாங்கள் ஒன்றும் செய்திருக்க ஏலாது என்று பெரிய டொக்டர் சொன்னார். அதைக் கேட்டு மதலேனா விறாந்தையில் இருந்து கத்தி அழுதாள். நேர்ஸ் வந்து ஏசினாள். ஏசட்டும்! அவளுடைய மச்சாள் பிழைத்துவிட்டாள்.

கச்சான் ஓய்ந்து, பெற்றிசியா தேறி வீட்டுக்கு வந்த பிறகு, மதலேனா மறுபடியும் ஒரு வியாழக்கிழமைக்கு டிறக்டர் பேசினாள். மிஸியிடம் சொல்லி எல்லாருக்கும் போதுமான கருவிகள் ஆயத்தமாக வைக்கச் சொன்னாள். விடுபட்ட பெண்களின் படலைகளில் நின்று கூப்பிட்டாள். ஒருத்தியும் பதில் சொல்லவில்லை.

விடிந்தது. கோயில் முன்றலில் டிறக்டர் நின்றது. பெட்டிக்குள் மதலேனாவும், அபூசாலியின் பெண்சாதி றாபியாவும் மட்டும்தான் இருந்தார்கள். புருசன் சொல்லக் கேட்டு, தானும் பார்க்கவேண்டும் என்று அவள் தன்பாட்டில் வந்திருந்தாள். கரையில் பெண்கள் கருவாட்டைப் பிரட்டுகிற சாட்டில் கூட்டமாக நின்று பார்த்தார்கள். செலீனா முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். கோயிலுக்கு வந்த றஞ்சிதமும் படியில் நின்றாள். போவோமா என்று அபூசாலி இரண்டுதரம் கேட்டார். கொஞ்சம் நில்லுங்கோ என்று மதலேனா இரண்டுதரம் சொன்னாள். பெரிய பெட்டியின் நடுவில், விரித்த பாயில், ஊர்ப் பெண் ஒருத்தியும் பக்கத்தில் இல்லாமல் அவள் அப்படி இருந்ததைப் பார்க்க எதிரிக்கும் மனம் வராது.

அப்போது ஒழுங்கையால் பெற்றிசியா வந்தாள். மெலிந்துபோயிருந்தாள், மெதுவாகத்தான் நடந்தாள். டிறக்டர் பெட்டியைப் பிடித்து ஏற முயன்றாள். றாபியா கைகொடுத்து ஏற்றினாள்.

"நீ ஏன் வந்தனி? வீட்டை போ," என்றாள் மதலேனா.

"நான் சொல்லப்போறன், மச்சாள்."

மதலேனா பதறிப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "வாயை மூடடி! அங்கை பார், ஆர் நிக்கிறா எண்டு. பிள்ளையின்ரை கலியாணம்!"

"தெரியும். சத்தியம் பண்ணினது நீங்கள். நான் பண்ணேல்லை."

அவள் பெட்டிக்குள் எழுந்து நின்றாள். வாழ்நாளில் சத்தம் போட்டுக் கதைத்தறியாதவள், கரை முழுக்கக் கேட்கச் சொன்னாள்.

"செலீனாக்கா! மச்சாள் கள்ளத் திருவுளம்தான் போட்டவ. எனக்காகப் போட்டவ. எனக்குக் கான்சர். மாசக் கணக்கா ரத்தம் போய்க்கொண்டிருந்தது. புருசனில்லாதவளை என்ன சொல்லுவியளோ எண்ட பயத்திலை, ஒருத்தருக்கும் சொல்லப்படாதெண்டு மச்சாளிட்டை மாதாவாணை சத்தியம் வாங்கினனான். என்னை ஒளிச்சுக் கொண்டுபோகத்தான் உங்கள் எல்லாரையும் ஏத்தினவ. யாழ்ப்பாணத்திலை என்ரை கருப்பையை எடுத்தாச்சு. நான் உயிரோடை நிக்கிறன். நான் ஒரு பிழையும் விடேல்லை. இது ஆருக்கும் வாற வருத்தம். இனி நீங்கள் எப்பிடியும் கதையுங்கோ!"

செலீனா திரும்பினாள். கையில் இருந்த கருவாட்டை அப்படியே போட்டுவிட்டு, மணலில் விசுக்கு விசுக்கென்று நடந்து வந்து பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கியிருந்தது, வாய் மட்டும் அடங்கவில்லை.

"எடியே மதலேனா, நீயெல்லாம் ஒரு மனுசியோ? இவ்வளவு காலமும் நான் உன்னைக் கள்ளி கள்ளி எண்டு திட்ட, வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கிறாய்!"

"நீ திட்டினது சரிதானேடி. உன்ரை சங்கிலிதான் முதல் வந்தது," என்றாள் மதலேனா.

"வாயை மூடு," என்று சொல்லிவிட்டுச் செலீனா ஏறி அவளோடு ஒட்டிக்கொண்டு இருந்தாள். கரையில் நின்ற பெண்கள் கருவாட்டுக் கையைக் கழுவிக்கொண்டு டிறக்டர் பக்கம் வரத் தொடங்கினார்கள்.

ஆனால் பெற்றிசியா இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள். அவள் பார்த்துக்கொண்டிருந்தது கோயில் படியை. றஞ்சிதம் படியை விட்டு இறங்கி வந்துகொண்டிருந்தாள். சேலையைச் சரிபண்ணிக்கொண்டு, அவசரமில்லாமல், ஒருவரையும் பார்க்காமல் வந்தாள். பெண்கள் விலகி வழி விட்டார்கள். மதலேனா பெற்றிசியாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

றஞ்சிதம் டிறக்டருக்குப் பக்கத்தில் வந்து நின்று, பெற்றிசியாவின் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாள்.

"சம்மந்தி, கொஞ்சம் அரக்கி இருங்கோ," என்றாள். "நானும் ஏறவேணும்."

பெற்றிசியா நகர்ந்து இடம்விட்டு அப்படியே பாயில் இருந்தாள். றாபியா ஒரு பக்கமும் செலீனா மறுபக்கமுமாக றஞ்சிதத்தைத் தூக்கி உள்ளே எடுத்தார்கள். பின்னால் மற்றவர்கள் ஏறத் தொடங்கினார்கள். முன்வரிசை, பின்வரிசை என்று ஒருத்தியும் கேட்கவில்லை.

"என்ன நானா பார்த்துக்கொண்டிருக்கிறியள்?" என்று மதலேனா கத்தினாள். பெட்டிப் பலகையில் ஓங்கித் தட்டினாள். "எடுங்கோ!"